ஜனவரியில் வெட்டிய கொடி

பிலீதா
2 நவம்பர் 1983

அன்புள்ள தௌஃபீக் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களைப் பற்றிக் கேட்டால், நலமே; உன் முகத்தைப் பார்க்காத குறை ஒன்றுதான். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்திருக்கிறது. நீ எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் பாலைவனத்தில் மழையே கிடையாது என்பதால் உன் முழங்கால்களை நான் விசாரிக்கவில்லை. மற்ற உறுப்புகள் நலமா?

நேற்று நவம்பர் ஒன்று, விடுதலைப் போர் தொடங்கிய நாள். ஊர் முழுக்கக் கொடி ஏற்றினார்கள், நானும் ஏற்றினேன். நம் ரோஜாக் கொடியின் புதுக் கிளை ஒன்று சுவரை விட்டு விலகி ஆடிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறி, வளைத்துக் கட்டிவிட்டேன். தேசிய கீதம் பாடவில்லை. கீழே நின்ற அம்மா வேறு கீதம் பாடினாள்: "விழுந்து காலை ஒடிச்சுக்கோ! அப்புறம் எவன் வந்து உன்னைக் கட்டுவான்?"

"இவ்ளோ பெரிய கொடியையே நான் கட்டுறேன். என்னைக் கட்ட ஒருத்தன் சிக்கமாட்டானா?" என்றேன். செருப்பு பறந்து வந்தது. குறி தப்பிவிட்டது.

பக்கத்து வீட்டு பூஅலாம் மறுபடி வந்தார். பேரில் மட்டும் பூ வைத்திருக்கும் அதே மனிதர்தான். மே மாதம் மகனுக்குக் கல்யாணம், மணமக்களுக்கு அறை கட்ட இடம் வேண்டும், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரையும் நம் பக்கம் மூன்றடி மண்ணையும் கொடுங்கள் என்று கேட்டார். அம்மா, "ரோஜாகிட்ட கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். போன மே மாதம் நடந்தது உனக்கு நினைவிருக்கும், எழுதியிருந்தேன். கொத்தனாரை நேரில் கண்டால் அம்மா மசிந்துவிடுவாள் என்று நினைத்து மெஸியானைக் கையோடு கூட்டி வந்திருந்தார். மெஸியான் பார்த்தார். சுவரே தெரியவில்லை, அத்தனை பூ. "பூத்த சுவர்ல நாங்க கடப்பாரை வைக்கமாட்டோம். எங்கப்பனும் வெச்சதில்ல, பாட்டனும் வெச்சதில்ல" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இந்த ஊரில் வேறு எந்தக் கொத்தனாரும் வைக்கமாட்டார். மழைக்காலத்தில் யாரும் சுவரைத் திறப்பதில்லை; மழை நின்றால் ஏப்ரலில் ரோஜா பூத்துவிடும், மே மாதம் கல்யாணமும் வந்துவிடும். நாய் வளர்ப்பவர்கள் வளர்க்கட்டும். நம் வீட்டுக்குக் காவல் ரோஜா.

இந்த முறை பூஅலாம் வருவதற்கு முன் மூன்று சின்ன வெங்காயத்தை நூலில் கட்டிக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். "உரம் ஜாஸ்தியாயிடுச்சு, காய் பிடிச்சிருக்கு பாருங்க" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை முகர்ந்தார். "வெங்காய வாசமில்ல அடிக்குது!" "ஆமா, உங்க சமையலறை அவ்ளோ கிட்ட இருக்கு" என்றேன். அரை நிமிடம் கழித்துத்தான் புரிந்தது அவருக்கு.

ஏப்ரலில் பூக்கும்போது வந்துவிடு. போன தடவை போல ஏமாற்றாதே.

உன் கையை முத்தமிடும் தங்கை
வஸீலா


ஹாஸி மஸ்ஊத்
24 நவம்பர் 1983

அன்புத் தங்கை வஸீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நலம். அம்மாவும் நீயும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே பகலில் மணலைத் தின்கிறோம், இரவில் துப்புகிறோம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வெங்காயம் வந்த இடத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆனாலும் பூஅலாமை அதிகம் சீண்டாதே. அப்பா இறந்த அன்று முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர். அவர் பக்கமும் கஷ்டம் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். நம் ரோஜா பழைய கிளையில் பூக்குமா, புதுக் கிளையிலா? எப்போது வெட்டினால் நல்லது, எப்போது வெட்டக் கூடாது? விவரமாக எழுது. இங்கே ஒருவர் கேட்டார்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒலிவ எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடு.

உன் அண்ணன்
தௌஃபீக்


பிலீதா
8 டிசம்பர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களைப் பற்றிக் கேட்டால், நலமே; உன் முகத்தைப் பார்க்காத குறை ஒன்றுதான். எண்ணெய் தேய்த்தேன். முழங்கால் தேறிவிட்டது. இப்போது அம்மா என்னைத் துரத்திப் பிடிக்கிறாள், அதனால் இனி இப்படிப்பட்ட வைத்தியம் எழுதாதே.

நீயா ரோஜாவைப் பற்றிக் கேட்டாய்! கடிதத்தை இரண்டு முறை திருப்பி உன் கையெழுத்துதானா என்று பார்த்தேன். வரவேற்பறை பிளாஸ்டிக் பூவுக்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியவன் அல்லவா நீ? போகட்டும், கேட்டுவிட்டாய், இனி தப்பிக்க முடியாது.

நிமிர்ந்து நிற்கும் கிளை நுனியில் மட்டும் பூக்கும். அதையே வளைத்துச் சுவரோடு படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு பக்கக் கிளை விட்டு எல்லாவற்றிலும் பூக்கும். அதனால்தான் ஏணியும் அம்மாவின் பழைய காலுறைகளும். கம்பியில் கட்டினால் கிளை அறுபடும். காலுறையை எட்டு எண் போல முறுக்கிக் கட்டினால் கிளை பெருக்க இடம் இருக்கும். தண்ணீர் காலையில், வேரில் மட்டும். இலைமேல் ஊற்றினால் கரும்புள்ளி வரும். இந்த மழை என்னைக் கேட்காமல் இலைமேலேயே ஊற்றியதில் கொஞ்சம் கரும்புள்ளி வந்துவிட்டது. உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எரித்தேன்.

இப்போது நீ கேட்டது. நம்முடையது வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும் ஜாதி. இந்த வருஷம் வளர்ந்த கிளையில்தான் அடுத்த வருஷம் பூ. அதனால் கத்தரியை ஜூனில், பூ முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருஷம் பூவே கிடையாது. இது தெரியாமல் ஜனவரியில் வெட்டித் தள்ளிவிட்டு, கண்பட்டுவிட்டது என்று செடிக்குத் தாயத்துக் கட்டுகிறவர்கள் நம் தெருவிலேயே இரண்டு வீடு உண்டு.

நான்கு பக்கம் ஆகிவிட்டது. அம்மா தபால்தலையைக் காட்டி முறைக்கிறாள். கேட்ட அந்த ஒருவரிடம் சொல், சந்தேகம் இருந்தால் எனக்கே எழுதலாம்.

ஏப்ரல்? நீ அதற்குப் பதிலே எழுதவில்லை.

வஸீலா


ஹாஸி மஸ்ஊத்
20 டிசம்பர் 1983

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நான் நலம், உங்கள் நலமறிய ஆவல்.

நீ எழுதிய கரும்புள்ளி என்னை யோசிக்கவைத்தது. இங்கே எங்களோடு வேலை செய்யும் வயதான இத்தாலிக்காரர் ஒருவர் ஊரில் பெரிய ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னேன். கரும்புள்ளி பழைய கிளைகளில் ஒளிந்திருக்கும், ஜனவரியில் எல்லாக் கிளையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் வேர் பிழைக்கும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் செடியே போய்விடும் என்கிறார். புத்தாண்டு முடிந்ததும் வெட்டிவிடு. தள்ளிப்போடாதே.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

தௌஃபீக்


பிலீதா
6 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களைப் பற்றிக் கேட்டால், நலமே; உன் முகத்தைப் பார்க்காத குறை ஒன்றுதான். மலையில் பனி விழுந்திருக்கிறது. பள்ளியில் கணக்கு வாத்தியாரின் தொப்பியிலும் கொஞ்சம் விழுந்தது. அது எப்படி மலையிலிருந்து அங்கே வந்தது என்று விசாரணை நடக்கிறது.

உன் இத்தாலிக்காரரிடம் என் ஸலாமைச் சொல். அவர் ரோஜா வளர்த்தாரா, ஆடு வளர்த்தாரா என்றும் கேள். ஆடுதான் ஜனவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டும். நான் உன்னிடம் மொட்டு பற்றிப் பேசினேன், நீ மொட்டை பற்றிப் பேசுகிறாய். கரும்புள்ளி நாலு இலையில்தான் இருந்தது, எரித்தாயிற்று. தும்மினவனுக்குத் தலையை எடுப்பார்களா?

வெட்டினால் இந்த வருஷம் ஒரு பூ கூட வராது, அண்ணா. ஏப்ரலில் வந்து நீ எதைப் பார்ப்பாய்? அம்மாவும் சொல்கிறாள், பூ இல்லாத சுவரைப் பார்த்தால் பூஅலாமுக்கு ஆசை வந்துவிடும் என்று. அவருக்குத் தனியாக வேறு வரவேண்டுமா, ஏற்கெனவே இருக்கிறதே என்றேன்.

வேண்டாம் என்று ஒரு வரி எழுது.

வஸீலா


ஹாஸி மஸ்ஊத்
17 ஜனவரி 1984

வஸீலா,

நலம்தானே. அவசரமாக எழுதுகிறேன், லாரி கிளம்புகிறது.

வெட்டு. ஒரு வருஷம் பூ இல்லாமல் இருந்தால் முப்பது வருஷம் இருக்கும். நான் உனக்கு எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறேனா? ஏப்ரலில் வருகிறேன், புதுத் தளிரைப் பார்க்க. பூஅலாமைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்கு ஆண்பிள்ளை நான் இருக்கிறேன்.

தௌஃபீக்


பிலீதா
30 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களைப் பற்றிக் கேட்டால், நலமே; உன் முகத்தைப் பார்க்காத குறை ஒன்றுதான்.

வெட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி பிற்பகல் அஸர் தொழுகைக்குள் முடிந்தது. ஏழு வருஷம் வளர்ந்தது, அரை நாளில் முடிந்தது. கட்டியிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தபோதுதான் அம்மாவிடம் இத்தனை காலுறை இருந்தது என்றே தெரிந்தது. சுவரில் ஒரு பெரிய விரிசல் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? நான் இதுவரை பார்த்ததே இல்லை.

இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

தௌஃபீக்கு, கண்ணு, ஒழுங்கா சாப்பிடுறியா? உன் தங்கச்சி ரோஜாவ மொட்டையடிச்சிட்டு மூலையில உக்காந்து அழுவுறா. (அழவில்லை. வெங்காயம் நறுக்கினேன். இப்படிக்கு எழுதுபவள்.) என்னடி முணுமுணுக்குற, நான் சொன்னத மட்டும் எழுது. தம்பி, நான் தலைகீழா நின்னாலும் இவ ஒரு வேலை செய்யமாட்டா. நீ ஒரு வரி எழுதின, செஞ்சுட்டா. அவ உன்னைய அப்படி நம்புறா. ஏப்ரல்ல வந்துரு. பேரீச்சம்பழம் வெச்ச ரவைப் பலகாரம் செஞ்சு வெக்கிறேன். மேல எழுதினதுல அவ ஏதாவது கிண்டல் பண்ணியிருந்தா அது நான் சொன்னதில்ல.

அவ்வளவுதான். அம்மா கைரேகை வைக்கிறேன் என்கிறாள், கடுதாசிக்கு வேண்டாம் என்றேன்.

வஸீலா


பிலீதா
25 மார்ச் 1984

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களைப் பற்றிக் கேட்டால், நலமே. உன் முகத்தையும் பார்க்காமல் கடிதத்தையும் பார்க்காமல் இருக்கும் குறை இரண்டுதான். இரண்டு மாதம் ஆகிறது. உடம்புக்கு ஏதும் இல்லையே? உன் கூட்டாளிகளில் யாருக்காவது எழுதத் தெரிந்தால், தௌஃபீக் நலம் என்று மூன்று சொல் போடச் சொல். அது இரண்டு சொல்தான். பார், கணக்கு வாத்தியாரிடமிருந்து என்னை ஒரு வாரம் தள்ளிவைத்ததன் பலன்.

தளிர்கள் சிவப்பாக, என் கை நீளத்துக்கு வந்திருக்கின்றன. கரும்புள்ளி ஒன்று கூட இல்லை. மொட்டும் ஒன்று கூட இல்லை. உன் இத்தாலிக்காரரும் ஜெயித்தார், நானும் ஜெயித்தேன்.

பூஅலாம் வாசலில் செங்கல் இறக்கியிருக்கிறார்கள். "எதுக்கு இவ்ளோ கல்லு?" என்று கேட்டேன். "கோழிக்கூடு கட்டப்போறேன்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கோழி என்ன, குதிரை மேலயா வருது?" என்றேன். சிரிக்கவில்லை. இந்த மனிதர் என்னைத் திட்டாமல் போனது இதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நீ எப்போது வருகிறாய்?

வஸீலா


பிலீதா
19 ஏப்ரல் 1984

தௌஃபீக் அண்ணனுக்கு,

திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது சுவர் பாதி இல்லை. பூஅலாமின் துணி உலர்த்தும் கொடி நேராகத் தெரிந்தது. மெஸியான் கடப்பாரையோடு நின்றார். அம்மா சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் உரித்த பட்டாணி, பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது.

நான் கத்தினேன். மெஸியான் திகைத்துப்போய்விட்டார். "என்ன பாப்பா இது? நீங்கதான வெட்டிக் குடுத்தீங்க?"

"நோய்க்கு வெட்டினேன்! சுவரை இடிக்கவா வெட்டினேன்?"

"எனக்கென்ன தெரியும்? டிசம்பர்லயே பூஅலாம் லெட்டரக் காட்டினாரு. உங்கண்ணன் எழுதினது. ஏப்ரல்ல அந்தச் சுவர்ல பூ இருக்காது, நான் ஏற்பாடு பண்ணிட்டேன், தைரியமா ஆளக் கூப்பிடுங்கன்னு. நான் வந்து பாத்தேன், பூ இல்ல. ஒத்தப் பூ இருந்திருந்தாலும் திரும்பிப் போயிருப்பேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

பூஅலாமிடம் போனேன். அவர் ஒளிக்கவில்லை. கடிதத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, "படிச்சிட்டுக் குடும்மா. நான் உன்னை ஏமாத்தல. உன்கிட்டக் கேட்டுட்டதா அவன் சொன்னான்" என்றார். தேதி 19 டிசம்பர். எனக்கு நீ இத்தாலிக்காரரைப் பற்றி எழுதியதற்கு முதல் நாள். சுவரும் மண்ணும் அவருக்கு என்று எழுதி, கீழே, "இந்த வருஷம் வளர்ந்த கிளையில்தான் அடுத்த வருஷம் பூ, குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருஷம் பூவே கிடையாது" என்று எழுதியிருந்தாய். என் வரிகள். ஒரு எழுத்து மாறவில்லை. பள்ளியில் நீ பார்த்து எழுதித்தான் தேறினாய் என்று அம்மா சொல்வாள், நான் நம்பியதில்லை.

அம்மா பூஅலாமை ஒன்றும் சொல்லவில்லை, மெஸியானையும் சொல்லவில்லை. "வீட்டுப் பத்திரம் அவன் பேர்ல. நான்தான் குடுத்தேன். பொம்பளைங்க பங்கு கேட்டா ஊர் சிரிக்கும்னு உன் பங்கையும் சேத்துக் குடுத்தேன்" என்று என்னிடம் சொன்னாள். அப்புறம் பட்டாணியைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன்.

மெஸியான் அடிக்கட்டையை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தார். பாவம், அவரால் முடிந்தது அது. ஏப்ரலில் தளிரோடு பிடுங்கிய ரோஜா பிழைக்காது. தளிரெல்லாம் அதற்குள் வாடிவிட்டது.

நான் செய்த குறும்புக்கெல்லாம் ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஏமாந்தவன் கடைசியில் என்னோடு சேர்ந்து சிரிக்க வேண்டும், பூஅலாம் உட்பட. இதில் நான் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எழுது.

வஸீலா


அல்ஜியர்ஸ்
5 ஜூன் 1984

அன்புத் தங்கை வஸீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவும் நீயும் நலமாக நோன்பு நோற்க இறைவன் அருளட்டும். அம்மா நோன்பு வைக்க முடிகிறதா? முழங்கால் எப்படி?

உன் கடிதத்துக்குப் பதிலை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். நான் பாலைவன வேலையை விட்டுவிட்டேன். இங்கே ஒரு வீடு, நான்காவது மாடி, கடல் தெரியும். பூஅலாம் கொடுத்தது அதற்கு உதவியது. செப்டம்பரில் கல்யாணம் வைத்திருக்கிறோம், பெண் பெயர் நஸீமா, உனக்குப் பிடிக்கும். உங்கள் இருவருக்கும் இங்கே ஓர் அறை உண்டு.

நேரில் கேட்டிருந்தால் அம்மா அழுவாள், நீ சண்டை போடுவாய். உங்கள் இருவரையும் எதிர்த்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இப்படிச் செய்தால் யாருக்கும் வலிக்காது, ஒரு வருஷம் பூக்கவில்லை, சுவர் போயிற்று என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். மெஸியான் வாயைத் திறப்பார் என்று நினைக்கவில்லை. பெருநாளுக்கு முன் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். கேட்கிறேன்.

ஒன்று மட்டும். வெட்டிய கிளைகளை நீ தூக்கிப் போட்டிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஏதாவது வேர் பிடித்திருந்தால் எனக்கும் ஒன்று அனுப்பு. இங்கே பால்கனி இருக்கிறது, வெயில் படும். நஸீமாவிடம் நம் ரோஜாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்
தௌஃபீக்


பிலீதா
24 ஜூன் 1984

தௌஃபீக் அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எங்களைப் பற்றிக் கேட்டால், நலமே.

அம்மா எல்லா நோன்பும் வைக்கிறாள். அல்ஜியர்ஸுக்கு வரமாட்டாளாம். நான்கு மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்காது என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டதாகவும் சொன்னாள். என்னைப் பற்றி எழுத வேண்டும் என்றால், நான் நோன்பு வைத்திருக்கிறேன், பொய் எழுதக் கூடாது. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

யாருக்கும் வலிக்காது என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், உண்மை. மூன்று நாள் சாப்பிட்டிருக்கமாட்டேன். நான்காவது நாள், அண்ணனுக்கு வீடு வேண்டுமே என்று நானே வேரைத் தோண்டி, நோகாமல் வேறு இடத்தில் நட்டிருப்பேன். டிசம்பரில் செடி தூக்கத்தில் இருக்கும், அப்போது நட்டால் பிழைக்கும். நீ கேட்டிருந்தால் அதையும் விவரமாக எழுதியிருப்பேன்.

கிளைகளைப் பற்றி நீ நினைத்தது சரி. பத்தொன்பது குச்சியைத் தக்காளி டின்களில் நட்டேன், பதினொன்று வேர் பிடித்தன. மெஸியான் ஒரு நாள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், அவருக்கு ஒன்று கொடுத்தேன். பூஅலாமின் மனைவி கைரா மாமி, சுவர் இருந்த பக்கமாக வராமல் தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்து, "கேக்க எனக்கு மூஞ்சியில்ல, மருமக ஆசப்படுறா" என்றாள். அவளுக்கும் ஒன்று. உன் கடிதங்களைக் கொண்டுவந்த தபால்காரருக்கு ஒன்று; அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது அல்லவா? கணக்கு வாத்தியாருக்கு ஒன்று, தொப்பி விவகாரத்துக்காக. இரண்டை அம்மா சமையலறைப் படி ஓரத்தில் நடச் சொன்னாள். மீதி ஐந்து இன்னும் டின்னில் இருக்கின்றன. தெருவில் யார் கேட்டாலும் தருவேன்.

உனக்குத் தரமாட்டேன். கோபத்தினால் மட்டும் இல்லை. செடி அனுப்பினால் அதை எப்படி வளர்ப்பது என்று எழுத வேண்டும். நீ பதில் போடுவாய். இலை ஏன் மஞ்சளாகிறது, எந்த மாதம் வெட்டுவது என்று கேட்பாய். நீ கேட்டுவிட்டாய் என்ற சந்தோஷத்தில் நான் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நஸீமா அண்ணிக்கு எங்கள் ஸலாம். பெருநாள் வாழ்த்துகள்.

வஸீலா